சேஃப்டி ஷூ போட்டு ஏறிய மலை

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கேட்டருகே ஒரு நீள நோட்டு இருக்கும். பேனாவை யாரும் எடுத்துப் போய்விடாதபடி நூலில் கட்டி மேசைக்காலோடு முடிந்திருப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருத்தியும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பெயர், அறை எண், எங்கே, யாருடன், போன நேரம், வந்த நேரம், கடைசியில் வார்டன் கையெழுத்து. மற்றக் கட்டங்களை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிவிடலாம். 'யாருடன்' என்ற கட்டத்தில் மட்டும் வார்டன் அக்காவின் விரல் வந்து நிற்கும். அதில் இன்னொரு பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அந்தக் கட்டத்தில் நான் 'தனியாக' என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. குளிருது என்று அக்காவிடம் சொன்னேன். சந்தோஷத்தில் கோணுகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வார்டன் அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்த பிறகு, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, எங்கள் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்த அந்தக் கட்டடத்தில் யார் எந்த ஷிப்ட், யாருக்கு வயிற்றுவலி, யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொய்யைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால், மாமாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார். பத்து நிமிடம் கழித்து வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் மறுபடியும் கேட்பார். எண்ணிக்கை மாறினால் அவ்வளவுதான். எங்களுக்கு அவர் மேல் பயம் இருந்தது. காய்ச்சல் என்றால் முதலில் தேடுவதும் அவரைத்தான்.

நான் போடிப் பக்கத்திலிருந்து வந்தவள். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை நிற்கும். அம்மா ஏலக்காய் பறிக்க அந்த மலைக்குத்தான் விடியற்காலை ஜீப்பில் போவாள். மலை இருக்கிற பக்கம் மேற்கு, இல்லாத பக்கம் கிழக்கு. அவ்வளவுதான் எனக்குத் திசை. வேலைக்காக ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வந்து முதல் ஒரு வருடம் எனக்குத் திசையே தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரியான நீலத் தகடு போட்ட கூரைகள், ஒரே மாதிரியான மதில்கள், ஒரே மாதிரியான கன்டெய்னர் லாரிகள். காருக்கு வயரிங் கட்டும் லைனில் எனக்கு வேலை. ஒரு லைனில் நாற்பது பேர். அறையில் அடுக்குக் கட்டில்களில் ஆறு பேர். கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே மூன்று பேர் வாளியோடு நிற்பார்கள். ஒருநாள், வயர் முனையில் பின்னை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று எனக்கு ஒன்று தோன்றியது. எனக்கு இருபத்து மூன்று வயதாகிறது. பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு முழுப் பகல் நான் தனியாக இருந்ததே இல்லை. ஊரில் அத்தனை முறை மலையேறியிருக்கிறேன், எல்லாம் கூட்டத்தோடுதான். அந்த நினைப்பு வந்த பிறகு அது என்னை விடவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. மழை விட்ட மறுநாள், எங்கள் கேன்டீன் இருந்த மூன்றாவது மாடியின் இரும்புப் படிக்கட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தென்மேற்கே, கூரைகளுக்கெல்லாம் அப்பால், நீல நிறத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. மேகமாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், நகரவில்லை. சாப்பாடு பரிமாறும் அண்ணனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து காட்டினேன். அவர் வாலாஜாபாத்துக்காரர். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பழையசீவரம் மலையாக இருக்கும், பாலாற்றங்கரையில் இருக்கிறது, மேலே ஒரு மண்டபம் உண்டு என்றார். அங்கிருந்து பார்த்தது அந்த மலைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அதெல்லாம் யோசிக்கவில்லை. ஷிப்ட் முடியும் வரை என் கை வயரைக் கட்டிக்கொண்டிருந்தது, மனசு வழியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிள் என்னிடம் இருந்தது. கல்யாணமாகி ஊருக்குப் போன ஒருத்தி என்னிடம் விட்டுப்போன சிவப்பு லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை, கியர் எல்லாம் கிடையாது. காலுக்கு, லைனில் போட்டுத் தேய்ந்த பழைய சேஃப்டி ஷூ. முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. பாக்கி இருந்தது அனுமதி ஒன்றுதான்.

ஞாயிறு அனுமதி காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நான் ஆறிலிருந்து ஆறு வரை கேட்டேன், அதுவும் தனியாக. வார்டன் அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பையன் யார்னா இருந்தா சொல்லிடு. திட்டமாட்டேன்."

"பையன் எல்லாம் இல்லக்கா. மலைக்குத்தான்."

"மலையில இன்னா கீது?"

"தெரியலக்கா. தெரிஞ்சுக்கத்தான் போறேன்."

அந்த வாரம் முடியாது என்று சொல்லிவிட்டார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் தன் வழக்கப்படி வேறு வேறு நேரத்தில் அதே கேள்விகளைக் கேட்டார். எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, எங்கே சாப்பிடுவாய், யார் சொன்னது. ஒவ்வொரு தடவையும் என் பதில் ஒன்றாகவே இருந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவரே மாடிக்கு வந்தார்.

"பொய் சொல்லிட்டுப் போறவளுங்களுக்கெல்லாம் வாராவாரம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். நெசத்தைச் சொல்றவளுக்குப் போட மாட்டேன்னா அது இன்னா நியாயம்? ஆறு மணிக்கு வூடு வந்து சேரணும். மணிக்கு ஒருவாட்டி போன் பண்ணணும்."

கிளம்பும்போது இட்லியில் பொடி தடவிப் பொட்டலம் கட்டி, நான்கு அவித்த முட்டையோடு கூடையில் வைத்தார். கூடவே காகிதத்தில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். மிளகாய்த்தூள். 

ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டும் வரை பழக்கப்பட்ட சாலைதான். தினமும் பஸ் ஜன்னலில் தூங்கி வழிந்தபடி கடக்கிற சாலை. ஆனால் சைக்கிளில் போகும்போது அது வேறாக இருந்தது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வாசலில் இரும்பு வாசனை, பிஸ்கட் கம்பெனிப் பக்கம் வந்தால் வெண்ணெய் வாசனை, இடையில் மழைத்தண்ணீர் தேங்கிய புல்வெளியின் வாசனை. பஸ்ஸில் ஏசியைப் போட்டு ஜன்னலை அடைத்துவிடுவார்கள், இத்தனை நாள் இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நைட் ஷிப்ட் முடித்து ரோட்டைக் கடந்த பெண்கள் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று கை காட்டி, எங்கே போகிறாய் என்று கேட்டது. மலைக்கு என்று கத்தினேன். அவள் காதில் என்ன விழுந்ததோ, சிரித்தாள்.

எழிச்சூர் தாண்டியதும் மதில்கள் குறைந்து வயல்கள் வந்தன. ஏரிகள் கரை வரைக்கும் தளும்பின. வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. சரிவுகளில் பெடலை நிறுத்திவிட்டுக் கால்களை விரித்துக்கொண்டு போனேன். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு கட்டத்தில் நான் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த டிராக்டர்க்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பாட்டு பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

வாலாஜாபாத்தில் டீ குடித்து, அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, செங்கல்பட்டு சாலையில் திரும்பினேன். ஒரு வளைவில் மலை சட்டென்று முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊர் மலையை நினைத்தால் இது ஒரு குன்றுதான். பாறையும் புதரும் மூடிய உருண்டையான முதுகு, ஒரு பக்கச் சரிவில் கோயில், உச்சியில் கல் மண்டபம். இறங்கி சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு கழுத்தை நிமிர்த்தி ஒன்றைப் பார்க்கிறேன். கழுத்துக்கே அது மறந்து போயிருந்தது.

பூக்கடைக்காரம்மாவிடம் சொல்லி சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினேன். கோயில் வரைக்கும் படிகள். அதற்கு மேலே வழியைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. மழைக்குப் பிறகு எல்லாம் பச்சை. காலடியில் தும்பை, பாறை இடுக்கில் பெயர் தெரியாத ஊதாப் பூக்கள், கையை நீட்டினால் கீறுகிற முட்கள். சேஃப்டி ஷூ ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். ஆனால் பாறையில் அது பிடித்த பிடியைச் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மூச்சு வாங்கியது. எட்டு மணிநேரம் நின்று பழகிய கால் ஏற மறந்திருந்தது. நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து முதல் முட்டையைத் தின்றபோது, சுற்றிலும் எந்த மெஷின் சத்தமும் இல்லை என்பது உறைத்தது. காதுக்குள் மட்டும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அந்த நிமிடம் எனக்குப் பயம் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து, எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினேன், மேல்நோக்கி.

உச்சி மண்டபத்தின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது எனக்கு வாயே மூடவில்லை. பாலாறு என்றால் மணல் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கீழே கரையிலிருந்து கரை வரைக்கும் தண்ணீர். செம்மண் நிறத்தில் ஒன்று, தெளிவாக ஒன்று, ஒல்லியாக இன்னொன்று என்று மூன்று ஆறுகள் வந்து சேர்ந்து, சேர்ந்த இடத்தில் நிறம் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. வெயில் பட்டு அகலமாக மின்னியது. எதிர்க்கரையில் ஒரு பழைய கோயில், தென்னைகள், சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். ஒரு பூவைக் கையில் ஏந்தி நீட்டினது போல அத்தனையும் என் ஒருத்திக்காக. நான் குதித்தேன். உண்மையாகவே, இரும்பு வைத்த ஷூவோடு, கல்தரையில் டக் டக்கென்று.

மணிக்கு ஒரு போன் என்ற கட்டளை ஞாபகம் வந்து மறுபடி அக்காவை அழைத்தேன். மூச்சு வாங்க, மூன்று ஆறு ஓடுதுக்கா என்று சொன்னேன்.  

"தண்ணி ஓடுதா?" என்றார் அக்கா. குரல் வேறு மாதிரி இருந்தது. "நெசமாவா சொல்ற? எங்க அம்மா வூடு அந்த ஆத்துக்கு அந்தாண்டதான்."

அதுவரை அவர் அதைச் சொல்லவே இல்லை. நான் உடனே வீடியோ காலுக்கு மாற்றினேன். ஆற்றைக் காட்டினேன். இன்னும் இடப்பக்கம் போ, கோயிலுக்குப் பின்னால் காட்டு, அந்தத் தென்னந்தோப்புக்கு அடுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் மண்டபத்தின் விளிம்புக்கே போய்க் கையை நீட்டிக் காட்டினேன். பதினெட்டு வயது வரை தினமும் அங்கிருந்து இந்த மலையைப் பார்த்திருக்கிறாராம். திருவிழாவுக்குச் சாமி இந்த மலைக்கு வரும். வீட்டு ஆம்பளைகள் எல்லாம் ஏறுவார்கள். பெண்கள் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மலைமேலிருந்து பார்த்தால் தன் வீடு எப்படியிருக்கும் என்று அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் விடுதிப் பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் நுழைந்தன. எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டார்கள். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். பேசிக்கொண்டே இருக்கும்போது திரை கறுத்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

அதற்காக நான் அப்போது கவலைப்படவில்லை. இட்லியைச் சாப்பிட்டு, தூணில் சாய்ந்து, வெறுமனே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. என்னோடு நானே இருந்தேன், அலுக்கவே இல்லை.

இறங்கும்போதுதான் தப்பு செய்தேன். ஏறிய வழி என்று நினைத்து ஒரு தடத்தில் இறங்கினேன். பாதி தூரத்தில் தடம் சீமைக்கருவேலப் புதருக்குள் போய் மறைந்தது. திரும்பி ஏறச் சோம்பல்பட்டு, கீழே போனால் ரோடு வந்துதானே ஆக வேண்டும் என்று முள்ளுக்குள் நுழைந்தேன். சுடிதார் கிழிந்தது, முழங்கை கிழிந்தது. கடைசியில் வெளியே வந்து பார்த்தால் எதிரே ஆறு. ரோடும் சைக்கிளும் மலைக்கு மறுபக்கம்.

கரையில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். என் கை தன்னால் பையிலிருந்த மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குப் போனது. ஒருவர் கையில் வலை, இன்னொருவர் கையில் பிளாஸ்டிக் வாளி. என் காலைப் பார்த்துவிட்டு வலைக்காரர்தான் முதலில் பேசினார்.

"எந்தக் கம்பெனிம்மா? எங்க கம்பெனி ஷூ மாதிரியே கீது."

டயர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் மீன் பிடிக்க வந்தவர் அவர். வழி தவறிவிட்டது என்றேன். மலையடியை ஒட்டியே நடந்தால் ஒரு பம்ப் ஷெட் வரும், அங்கிருந்து வண்டித்தடம் ரோட்டுக்குப் போகும் என்றார். பம்ப் ஷெட் தெரிகிற வரைக்கும் முன்னால் நடந்து வந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பொட்டலத்திலிருந்து கையை எடுத்தேன். விரலில் ஒட்டிய தூள் கண்ணில் பட்டு, மிச்ச வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன்.

சைக்கிளிடம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. நாலு மணி நேரம் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் மிதித்தேன். முதல் வளைவு திரும்பியதும் காற்று நெஞ்சில் வந்து அறைந்தது. காலையில் முதுகைத் தள்ளிய அதே காற்று. வாலாஜாபாத்தை அடைவதற்குள் தொடை இரண்டும் கொதித்தன. டீக்கடையில் போனைச் சார்ஜ் போடலாமா என்று யோசித்தேன். அதற்குக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். கடைக்காரர் போனில் பேசலாம் என்றால் அக்காவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. தெரிந்த ஒரே நம்பர் அம்மாவுடையது. அம்மாவுக்குப் போன் பண்ணி, நான் மலையிலிருந்து தனியாக வந்துகொண்டிருக்கிறேன், விடுதியில் சொல்லிவிடு என்று சொன்னால் மறுநாளே என்னை ஊருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவாள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மிதித்தேன்.

அந்த நேரத்தில் விடுதியில் என்ன நடந்தது என்று பிற்பாடு என் அறைப்பெண்கள் சொல்லித்தான் தெரியும். விடுதிகளை மேற்பார்வை பார்க்கும் அட்மின் சார் மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். நோட்டைப் புரட்டியிருக்கிறார். 'தனியாக' என்ற வார்த்தையில் நின்றிருக்கிறார். போன் போட்டுப் பார்த்தால் சுவிட்ச் ஆஃப். எந்த வார்டனும் இப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை, பெண்ணுக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கத்தியிருக்கிறார்.  பிறகு கோபம் தணிந்து, அக்காவுக்கு ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுச் 'சித்தப்பா வீடு, சித்தப்பாவுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், மேலிடத்துக்குக் கேள்வி போகாது என்று. அக்கா பேனாவைத் தொடவில்லை.

"அவ மலைக்குத்தான் சார் போய்க்கீறா. நான்தான் அனுப்பினேன். ஆறு மணிக்கு வருவா."

ஆறு மணிக்கு நான் ஒரகடத்தையும் தாண்டி, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை செயின் கழன்றது. ஒரு தடவை மேம்பாலத்து ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கார் ஏற்றிப்போகும் நீள லாரிகள் பக்கத்தில் கடக்கும்போது காற்று ஒரு நொடி நிற்கும்; அந்த ஒரு நொடிக்காக அடுத்த லாரி எப்போது வரும் என்று காத்திருந்து மிதித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நேரத்துக்குப் போகாவிட்டால் அக்கா இனி எந்தப் பெண்ணையும் நம்ப மாட்டார் என்பதுதான். வலிக்க வலிக்க ஒரு வெறி வந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் நான் கத்திக்கொண்டே மிதித்தேன். அப்படி ஒரு வேகம் என் காலில் இருந்தது என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

ஆறு பதினொன்றுக்குக் கேட்டை அடைந்தேன். வார்டன் அக்கா ரோட்டிலேயே நின்றிருந்தார். கிழிந்த சுடிதாரையும் சிவந்த கண்ணையும் பார்த்து அவர் முகம் ஒரு நொடி இருண்டது. என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

"முள்ளுக்கா," என்றேன். "கண்ணுல உங்க மிளகாத்தூள்."

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அட்மின் சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு நிமிடம் தாமதம் என்று அவரே நோட்டில் எழுதினார். எனக்கு ஒரு மாதத்துக்கு வெளியே போக அனுமதி இல்லை என்றார். அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார். சொல்லாமல் போனதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அக்கா சமையலறையில் ஒரு தொட்டியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டு, என் காலை அதில் வைக்கச் சொன்னார். பெண்கள் வாசலையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலிலிருந்து சொல்லு என்றார் அக்கா. வெண்ணெய் வாசனையிலிருந்து தொடங்கினேன். டிராக்டர், ஊதாப்பூ, மெஷின் சத்தம் நின்ற நிமிடம், நிறம் கலக்காத ஆறு, மீன்காரர். ஒருத்தி, பயமாயில்லையா என்று கேட்டாள். இருந்துச்சு, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். அக்கா வேறு எதையும் கேட்கவில்லை. ஏறுவதற்குக் கஷ்டமா, வயசானவங்க ஏறலாமா என்பதை மட்டும், தன் வழக்கப்படி இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த மாதம் அவரை இருங்காட்டுக்கோட்டை விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். என்னால்தான் என்று நான் அழுதபோது, எந்தப் பக்கம் இருந்தாலும் இட்லிக்கு மாவு ஒன்றுதான் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியவர், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று கேட்டார். நான் வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பதினைந்து நாளில் போன் வந்தது. புது விடுதியின் மதிலுக்குள்ளேயே பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் பழகுகிறாராம். அன்று மட்டும் மூன்று தடவை விழுந்தாராம். முட்டி தேய்ந்ததைச் சொல்லும்போது குரலில் அவ்வளவு குஷி. அடுத்த பங்குனியில், விடுமுறை எடுத்துக்கொண்டு, வாலாஜாபாத் வரை பஸ்ஸில் வந்து, அங்கே உறவினர் வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த மலைக்குப் போய் ஏறிவிட்டு வந்திருக்கிறார். நான் லைனில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. உச்சியிலிருந்து எட்டு தடவை கூப்பிட்டிருந்தார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. நான் இப்போது அதே கம்பெனியில் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வாலாஜாபாத்தில் குடியிருக்கிறேன், எனக்கென்று பூட்டிக்கொள்ள ஒரு அறையும் கியர் வைத்த சைக்கிளும் இருக்கின்றன. தனியாக இருப்பது இப்போது எனக்கு அதிசயமில்லை. நினைத்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம், யாரும் நேரம் குறிப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளின் படபடப்பு பிறகு எந்தப் பயணத்திலும் அதே அளவில் வந்ததில்லை. எனக்காகக் கீழே ஒருத்தர் வேலையைப் பணயம் வைத்து நின்றுகொண்டிருந்தார் என்பது தெரியாமலே நான் மேலே குதித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு அந்தக் குதியின் கனம் கூடிக்கொண்டே போகிறது.

போன மாதம் மறுபடி ஏறினேன். பாலாறு வறண்டு மணலாகக் கிடந்தது. எதிர்க்கரையில் அக்காவின் அம்மா வீட்டுக்கு யாரோ பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அதைக் காட்டலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணியடித்த பிறகு எடுத்தார். மூச்சு இரைத்தது, பின்னால் காற்றின் இரைச்சல். என்னக்கா, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னிக்கு எனக்கு வீக் ஆஃப்டி. சைக்கிள்ல கீறேன், பெரிய ஏத்தம். மேல போய்ப் பேசறேன், வை."

வைத்துவிட்டார். எந்த ஊர், எந்த ஏற்றம் என்று சொல்லவில்லை. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் மேலே போய்ச் சேருவதற்காகக் காத்திருந்தேன்.